லாஸ்ட் நேம் கட்டத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. பிறப்புச் சான்றிதழில் இனிமேல்தான் பெயர் சேர்க்க வேண்டும். மாப்பிள்ளை சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறார். "இனிஷியல் முறை கம்ப்யூட்டருக்கு ஒத்துவராது. எல்லா ஃபார்மிலும் லாஸ்ட் நேம் கேட்கிறார்கள். இப்போதே ஒரு குடும்பப் பெயர் வைத்துவிட்டால் பாப்பா பின்னால் அலைய வேண்டாம்" என்கிறார். சம்பந்தி வீட்டில், சாதிப் பெயரையே சேர்த்துவிடலாம் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
(ஒரு வாசகி, திருச்சி)

பதில்: உங்கள் மனசு சொல்வதுதான் சரி. சாதிப் பெயரைச் சேர்க்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பெரியார் தன் பெயரோடு இருந்த நாயக்கரை எடுத்தார். அதற்குப் பிறகு வந்த தலைமுறைகளில் எத்தனையோ சாதாரணக் குடும்பங்கள், யாரும் கட்டாயப்படுத்தாமலே, பிள்ளைகளுக்கு வெறும் பெயரையும் இனிஷியலையும் மட்டும் கொடுத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தன. வருகைப் பதிவேட்டில் ஆர். செல்வி, கே. செல்வி, எம். செல்வி என்று மூன்று பேர் இருப்பார்கள். யார் எந்தச் சாதி என்று அந்தப் பதிவேடு சொல்லாது. இப்படிப் பாடுபட்டுக் கழற்றியதை, ஒரு வெப்சைட்டில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்பதற்காகத் திரும்பவும் குழந்தையின் தலையில் ஏற்றுவதா?

அடுத்து, "கம்ப்யூட்டருக்கு ஒத்துவராது" என்பது. கம்ப்யூட்டருக்குப் பெயர் என்பது வரிசையாக வரும் சில எழுத்துகள், அவ்வளவுதான். ஒரே கட்டத்தில் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். இரண்டாகப் பிரி, இரண்டும் கட்டாயம், ஒற்றை எழுத்து கூடாது, புள்ளி கூடாது என்றெல்லாம் விதி போட்டது அந்த ஃபார்மை வடிவமைத்த ஆள். ஆதாரில் பெயருக்கு ஒரே கட்டம்தான். நூறு கோடிக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில் ஏறியிருக்கின்றன. பிரிட்டன் அரசு தன் இணைய சேவைகளுக்காக வைத்திருக்கும் வடிவமைப்பு வழிகாட்டியும், ஒரே பெயர்க் கட்டம்தான் அதிகம் பேருக்குப் பொருந்தும் என்கிறது. வழி இருக்கிறது, ஆனால் பலர் அதைத் தேடுவதில்லை. பழைய ஃபார்மைப் பார்த்துப் புது ஃபார்மைச் செய்துவிடுகிறார்கள்.

அதன் விளைவைப் பார்க்க வேண்டுமானால், பான் கார்டுக்குப் பல வருடங்களாகப் புழங்கிய 49ஏ படிவத்தின் குறிப்புகளைப் படியுங்கள். எம். எஸ். கந்தசாமி, அதாவது மதுரை சோமசுந்தரம் கந்தசாமி, தன் பெயரை எப்படி நிரப்ப வேண்டும் என்று அதிலேயே ஒரு உதாரணம் வரும். லாஸ்ட் நேம் கந்தசாமி, ஃபர்ஸ்ட் நேம் மதுரை, மிடில் நேம் சோமசுந்தரம். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் குடும்பப் பெயராகிவிட்டது, அப்பாவின் பெயர் நடுப்பெயராகிவிட்டது, ஊர் அவருடைய சொந்தப் பெயராகிவிட்டது. நம் முறையில் ஒருவருக்கு அவர் பெயர்தான் பெயர். அப்பா பெயரும் ஊர் பெயரும் அடையாளத்துக்குத் துணையாக முன்னால் நிற்கும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் எவ்வளவு கவனமாக விதி எழுதினாலும் தப்பாகத்தான் வரும்.

எனக்கு ஒரு வங்கியிலிருந்து வரும் மின்னஞ்சல் ஒவ்வொன்றும் என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் "அன்புள்ள" என்று தொடங்கும். அப்பா இறந்து பதினோரு வருடம் ஆகிறது. இரண்டு தடவை எழுதிக் கேட்டேன். "சிஸ்டம் அப்படித்தான் எடுக்கும்" என்று பதில் வந்தது. சிஸ்டத்துக்கு அப்படி எடுக்கச் சொல்லிக்கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார் அல்லவா, அவரிடம் சொல்லுங்கள் என்றுதான் நான் கேட்டது.

நாம் மட்டும் இப்படி இல்லை. ஐஸ்லாந்தில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா அல்லது அம்மா பெயரோடு மகன், மகள் என்று சேர்த்துக்கொள்வார்கள். அங்கே டெலிபோன் டைரக்டரியையே சொந்தப் பெயரின் அகரவரிசையில்தான் போட்டார்கள். இந்தோனேசியாவின் சுகர்னோவுக்கும் சுகார்தோவுக்கும் ஒற்றைப் பெயர். ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த பர்மாக்காரர் ஊ தாண்டின் பெயர் தாண்ட் மட்டுமே; ஊ என்பது மரியாதைச் சொல். இவர்கள் யாருக்கும் பெயரில் குறை இல்லை.

சரி, நடைமுறைக்கு வருவோம். மாப்பிள்ளையின் கவலையிலும் நியாயம் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் அதை சர்நேம் ஆக்கிவிட்டு, முதல் பெயரின் இடத்தில் எஃப்என்யூ என்று போடுகிறார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருபவர்களை அனுமதிக்க முடியாது என்றது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. விமான நிலையத்தில் நின்றுகொண்டு நியாயம் பேச முடியாது, ஒப்புக்கொள்கிறேன்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். குழந்தையின் பெயரை முதலில் எழுதி, பின்னால் அப்பாவின் பெயரையோ உங்கள் மகளின் பெயரையோ முழுதாக எழுதுங்கள், இனிஷியலாக வேண்டாம். பாஸ்போர்ட் எடுக்கும்போது கிவன் நேம் கட்டத்தில் குழந்தையின் பெயரும், சர்நேம் கட்டத்தில் பெற்றவர் பெயரும் போகட்டும். ஆங்கில எழுத்துக்கூட்டல் எல்லா ஆவணத்திலும் ஒன்றாகவே இருக்கட்டும். ஒரு எழுத்து மாறினாலும் பின்னால் அலைச்சல்தான். தமிழ்நாட்டில் பிறப்பைப் பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணம் இல்லாமல் பெயர் சேர்க்கலாம், ஆகவே நிதானமாக யோசித்துச் செய்யுங்கள். வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் அவள் இனிஷியலோடு தாராளமாக இருக்கலாம்.

மாப்பிள்ளையிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் செய்கிற ஃபார்ம்களில் லாஸ்ட் நேம் பக்கத்தில் கட்டாயம் என்று ஒரு சிவப்பு நட்சத்திரம் இருக்கும். எதற்காக அந்தப் பெயர் வேண்டும் என்று அடுத்த மீட்டிங்கில் கேளுங்கள். கூப்பிடுவதற்கு என்றால் "உங்களை எப்படி அழைக்க வேண்டும்" என்று ஒரு கட்டம் போதும். பாஸ்போர்ட்டோடு ஒத்துப்பார்க்க என்றால் "பாஸ்போர்ட்டில் உள்ளபடி" என்று எழுதி, காலியாக விடவும் இடம் கொடுங்கள். இரண்டும் இல்லை என்றால் அந்தக் கட்டத்தையே எடுத்துவிடச் சொல்லுங்கள். உங்கள் டீமிலேயே இனிஷியலோடு நாலு பேர் இருப்பார்கள், அவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.