மகள் இல்லாத வாரங்களில் இந்தத் தெரு எனக்கு அந்நியமாகிவிடுகிறது

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மா அவர்களுக்கு,

எனக்கு 42 வயது. புறநகரில், சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்களே பெரும்பாலும் வசிக்கும் ஒரு தெருவில் இருக்கிறேன். மகள் பிறந்த பிறகு அவளுக்காகவே தேடி வாங்கிய வீடு இது. வண்டிகள் வேகமெடுக்காத தெரு, நடந்தே போய்விடக்கூடிய பள்ளி, தெருமுனையில் பூங்கா. நானும் மனைவியும் சென்ற ஆண்டு விவாகரத்துப் பெற்றோம். ஒன்பது வயது மகள் ஒரு வாரம் என்னிடமும் மறு வாரம் அவள் அம்மாவிடமும் இருக்கிறாள். அவளுடைய தோழிகள் எல்லோரும் இங்கேதான் என்பதால் வீட்டை நான் வைத்துக்கொண்டேன்.

அவள் இருக்கும் வாரத்தில் என் வாசலில் நாலைந்து ஜோடிச் செருப்புகள் தாறுமாறாகக் கிடக்கும். யாருடைய சைக்கிளிலாவது சங்கிலி கழன்றிருக்கும்; நான் மாட்டிக் கொடுப்பேன். பிள்ளைகளை அழைத்துப்போக வரும் பெற்றோர் அப்படியே நின்று அரை மணி நேரம் பேசுவார்கள். அந்த வாரத்தில் நானும் இந்தத் தெருக்காரன்.

அவள் கிளம்பிப் போனதும் யாரோ கதவைச் சாத்தியதுபோல ஆகிவிடுகிறது. மாலையானால் தெரு முழுக்கப் பிள்ளைகளின் சத்தம். எனக்கோ வெளியே போவதற்குக் காரணமே இல்லை. பக்கத்து வீட்டுச் சிறுவன் நுனிக்காலில் எம்பி அழைப்பு மணியை அழுத்தி, அக்கா விளையாட வருவாளா என்று கேட்பான். "இன்று இல்லையப்பா" என்று சொல்லிக் கதவைச் சாத்திய பிறகு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிடுகிறேன். ஒரு மாலை தனியாகப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, என்னைத் தெரியாத ஒரு பெண் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் குழந்தையைத் தூரத்து ஊஞ்சலுக்கு அழைத்துப் போனார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அதன் பிறகு மகள் இல்லாமல் அந்தப் பக்கம் போவதே இல்லை.

இங்கே யாரும் என்னிடம் கடுமையாக நடந்துகொள்ளவில்லை. தெருவின் வாட்ஸ்அப் குழுவில் எந்த அழைப்பு வந்தாலும் "குடும்பத்தோடு வாருங்கள்" என்றுதான் வருகிறது. பாதி வாரங்களில் எனக்குக் குடும்பம் என்று யாரைச் சொல்வது?

வீட்டை விற்றுவிட்டு, தனியாக இருப்பவர்கள் நிறைய வசிக்கும் நகரத்துக்கே போய்விடலாமா? அது மகளுக்குச் செய்யும் துரோகமாகிவிடுமா? சென்ற வாரம் அவள், "நான் இல்லாதபோது என்ன செய்வீர்கள் அப்பா?" என்று கேட்டாள். "வேலை இருக்கும்" என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று துயரங்கள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் வீட்டை விற்பது பற்றி முடிவெடுக்க வேண்டாம்.

தனிமையை ஆராய்ந்த சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1973இல் அதை இரண்டாகப் பிரித்தார். நெஞ்சுக்கு மிக நெருங்கிய ஒருவர் இல்லாத தனிமை ஒன்று. சுற்றிலும் நட்பு வட்டம் இல்லாத தனிமை மற்றொன்று. துணையைப் பிரிந்து பிள்ளை வளர்க்கும் பெற்றோர் கூடும் ஒரு சங்கத்தை அவர் ஆராய்ந்தார். அங்கே அவர்களுக்கு நண்பர்கள் கிடைத்தார்கள், ஆனால் துணை இல்லாத வெறுமை தீரவில்லை. புது ஊருக்குக் குடிபெயர்ந்த தம்பதிகளையும் பார்த்தார். அவர்களுக்குத் துணை இருந்தும் நண்பர்கள் இல்லாத குறை தீரவில்லை. ஒன்று மற்றொன்றை ஈடுசெய்யாது என்பதுதான் அவர் கண்டது. உங்களுக்கு இப்போது இந்த இரண்டு தனிமைகளுமே இருக்கின்றன. மனைவி இருந்த இடத்தின் வெறுமையைத் தெருவால் நிரப்ப முடியாது. நகரத்து அடுக்குமாடியாலும் முடியாது.

மகளைப் பற்றிய ஏக்கம் இவை இரண்டிலும் சேராதது. அவள் நலமாக இருக்கிறாள், திரும்பியும் வருவாள். ஆனாலும் அவளுடைய அறை காலியாக இருக்கிறது. உடலால் இல்லாமல் மனத்தில் இருப்பவர்களைப் பற்றிய இந்த முடிவில்லாத துக்கத்தைத் தெளிவற்ற இழப்பு என்று பாலின் பாஸ் என்ற அறிஞர் பெயரிட்டு விளக்கினார். இதற்குத் துக்கம் விசாரிக்க யாரும் வரமாட்டார்கள். அதனால் "இதற்குப் போய் வருந்துவதா?" என்று நீங்களே உங்களைக் கடிந்துகொள்ளவும் கூடும். கடிந்துகொள்ளாதீர்கள். கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நிற்கிறீர்களே, அது துக்கம்தான். நின்றுவிட்டு வாருங்கள், தவறில்லை.

இப்போது தெருவைப் பார்ப்போம். மணமான மாணவர்களுக்கான ஒரு குடியிருப்பை உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஆராய்ந்து 1950இல் வெளியிட்டார்கள். அங்கே நட்பு பெரும்பாலும் அடுத்த வீட்டிலேயே முளைத்திருந்தது. மாடிப்படிக்கு அருகே குடியிருந்தவர்களுக்கு மேல்தளத்திலும் நண்பர்கள் இருந்தார்கள். குணப் பொருத்தத்தைக்கூட மிஞ்சிவிடுகிறது, திட்டமிடாமல் அடிக்கடி எதிர்ப்படுவது. உங்கள் தெருவில் அந்த மாடிப்படி பிள்ளைகள்தான். பள்ளி வாசல், பூங்கா, கழன்ற சைக்கிள் சங்கிலி என்று பெரியவர்கள் சந்திக்கும் இடமெல்லாம் பிள்ளைகள் வழியாகவே அமைகிறது. மகள் இல்லாத வாரத்தில் நீங்கள் அந்த வழியில் எதிர்ப்படுவதே இல்லை. அவர்கள் உங்களை ஒதுக்குகிறார்கள் என்பதைவிட, நீங்கள் அவர்கள் கண்ணிலேயே படுவதில்லை என்பதுதான் சரியாக இருக்கும்.

அதனால் மகள் இல்லாத வாரத்திலும் வழக்கமான அதே மாலை நேரத்தில் வெளியே வாருங்கள். உங்கள் வீட்டு வாசலிலேயே ஏதாவது வேலையை வைத்துக்கொள்ளலாம், அல்லது தெருவைச் சுற்றி நடக்கலாம். பூங்காவையும் விட்டுவிடாதீர்கள், விளையாட்டு இடத்தை ஒட்டிய பெஞ்சுக்குப் பதிலாக நடைபாதைப் பக்கம் போங்கள், தெரிந்த முகத்தோடு நின்று பேசுங்கள். பூங்காவில் தனியாக இருக்கும் ஆணை அறிமுகமில்லாத தாய் ஒருமுறை ஏறிட்டுப் பார்ப்பது இயல்பு. அவருக்கு நீங்கள் யார் என்று தெரியாது, அவ்வளவே. முகம் பழகினால் அந்தப் பார்வை போய்விடும்.

ஒரே ஒரு வீட்டாரிடம் விஷயத்தை நேராகச் சொல்லிவிடுங்கள். வாசலில் அரை மணி நேரம் பேசுபவர்களில் ஒருவர் போதும். "மகள் இல்லாத வாரங்களில் வீடு வெறிச்சென்று இருக்கிறது. பெரியவர்கள் மட்டும் கூடும்போது என்னையும் கூப்பிடுங்கள்" என்று சொல்லுங்கள். "குடும்பத்தோடு வாருங்கள்" என்று எழுதுபவர்கள் பழக்கத்தில் எழுதுகிறார்கள். தனியாக அழைத்தால் உங்களுக்கு வலிக்குமோ என்று தயங்குகிறவர்களும் அவர்களில் இருக்கக்கூடும். நீங்கள் கேட்டால் அவர்களுக்கும் தயக்கம் விட்டுப்போகும். ஒரு சந்திப்பிலேயே எதையும் எடைபோடாதீர்கள். மேலோட்டமான நட்புக்கே சுமார் 50 மணி நேரம் சேர்ந்து இருக்க வேண்டியிருக்கிறது, நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கும் மேல் ஆகிறது என்று ஆய்வாளர் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. வாரம் விட்டு வாரம் மட்டும் தலைகாட்டினால் அது இன்னும் நீளும்.

தெருவை மட்டும் நம்பியும் இருக்க வேண்டாம். பிள்ளைகளோடு தொடர்பே இல்லாத ஒரு வட்டம் உங்களுக்கு வேண்டும். இசையோ விளையாட்டோ தொண்டோ, மணமாவதற்கு முன் எதை விரும்பிச் செய்தீர்களோ அதிலிருந்து தொடங்குங்கள். மகளுக்குச் சொல்லவும் உண்மையான பதில் கிடைக்கும். ஒன்பது வயதுக் குழந்தை அப்பாவின் முகத்தை நன்றாகப் படிக்கும். "உன்னை நினைத்துக்கொள்வேன், பிறகு என் நண்பர்களைப் பார்க்கப் போவேன்" என்று சொல்ல முடிந்தால், அம்மா வீட்டுக்குக் குற்ற உணர்வில்லாமல் போய்வருவாள். அவள் கேட்டது அதைத் தெரிந்துகொள்ளத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பக்கத்து வீட்டுச் சிறுவனுக்கும் "இன்று இல்லை" என்பதோடு நிறுத்தாமல், அவள் வரும் நாளைச் சொல்லி அனுப்புங்கள்.

வீட்டை விற்பது துரோகம் அல்ல. ஆனாலும் இப்போது விற்க வேண்டாம் என்பது என் கருத்து. பெற்றோர் பிரிந்த பிறகு பள்ளியும் தோழிகளும் மாறாமல் இருப்பது குழந்தைக்குப் பெரிய பிடிமானம். அதே சமயம் இந்தத் தெருவே என்றைக்கும் அவளுக்கு ஏற்ற இடமாக இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். சமூகவியலாளர் ஹெர்பர்ட் கான்ஸ் அமெரிக்காவில் புதிதாக எழுந்த ஒரு புறநகரில் 1958 முதல் இரண்டு ஆண்டுகள் தானே குடியிருந்து ஆராய்ந்தார். சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் பெரும்பாலோர் அங்கே மகிழ்ச்சியாகவே இருந்தார்கள். பதின்பருவத்தினரோ போக இடமில்லை என்று சலித்துக்கொண்டார்கள். உங்கள் மகளுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதாகும்போது நகரத்துக்குப் போகலாமா என்று அவளே கேட்கக்கூடும். அப்போது அவளையும் உட்கார வைத்து, அவள் அம்மாவிடமும் கலந்து பேசி முடிவு செய்யுங்கள். அதற்கு முன்பே விற்க நேர்ந்தாலும், அவள் கிளம்பிப் போன மறுநாள் மட்டும் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

தூக்கம் கெட்டு, வேலையில் மனம் ஒட்டாமல், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால் கடிதத்தோடு நிறுத்தாமல் உடனே மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ நேரில் பாருங்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும், விவாகரத்து நடந்து அதிக காலம் ஆகாத நிலையில் சில முறை நேரில் பேசுவது உங்களுக்கு நல்லது. மகள் இல்லாத வாரத்திலேயே அதற்கு நேரம் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்