வேறொரு கன்ட்ரோலரில் இருக்கும் பட்டியல் ஏன் காலியாக வருகிறது?

ஐஓஎஸ் செயலியில் முதல் திரையில் பெயர்களைச் சேர்த்துவிட்டு, இரண்டாம் திரையிலிருந்து அந்தப் பட்டியலைப் படித்தால் காலியாக இருக்கிறது என்கிறீர்கள். முதல் திரையை இயக்கும் கன்ட்ரோலரின் கிளாஸ் பெயரை எழுதி, பக்கத்தில் வெற்று அடைப்புக்குறி போட்டிருப்பீர்கள், பந்தயம் கட்டுகிறேன். அது திரையில் இருக்கும் கன்ட்ரோலரைத் தேடித் தராது, புதிதாக ஒன்றை உருவாக்கும். புதியதில் என்ன இருக்கும்?

நானும் பட்டுத் தெரிந்துகொண்டவன்தான். இங்கே மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில், வீட்டுப் பக்கத்துக் கோயிலுக்குத் தைப்பூசக் காவடிப் பதிவுச் செயலி எழுதினேன். ஒரு டேபில் காவடி எடுப்பவர் பெயர், இன்னொன்றில் சமையல்கட்டுக்கு இலைக் கணக்கு. (ஏழு கறிச் சாப்பாடு. கணக்குப் பிசகினால் சமையல் மாமாக்கள் சும்மா விடமாட்டார்கள்.) அடைப்புக்குறித் தவறைத் திருத்தி, பட்டியலை அடுத்த கன்ட்ரோலருக்குக் கைமாற்றினேன். பழைய பெயர்கள் வந்தன, பிறகு சேர்த்தவை வரவே இல்லை.

காரணம், ஐஓஎஸ் செயலி எழுதும் ஸ்விஃப்ட் மொழியில் அரே, அதாவது பட்டியல், ஒரு ஸ்ட்ரக்ட். கொடுத்தால் நகல்தான் போகும். கோயில் நோட்டை ஜெராக்ஸ் எடுத்துச் சமையல்கட்டில் ஒட்டியது போல: நோட்டில் நாம் எழுத எழுத, சுவரில் இருப்பது அப்படியே இருக்கும். கிளாஸ் என்றால் நோட்டு ஒன்றே, இருவரும் அதையே புரட்டுகிறார்கள்.

ஆகவே 'பதிவேடு' என்று ஒரு கிளாஸ் எழுதி, அரேயை அதற்குள் வையுங்கள். செயலியின் திரை திறக்கும்போது ஓடும் சீன் டெலிகேட்டில் ஒரே ஒரு தடவை அதை உருவாக்கி, இரண்டு கன்ட்ரோலருக்கும் கொடுங்கள். டேபுகள், திரைகளை அடுக்கும் நேவிகேஷன் கன்ட்ரோலருக்குள் இருந்தால், அதன் முதல் கன்ட்ரோலரை எடுத்து, அதனிடம் பதிவேட்டைக் கொடுக்க வேண்டும். நான் இதில் ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்தேன். ஒரு திரையிலிருந்து அடுத்ததற்குத் தாவும் செக்வே என்றால், தாவும் முன் ஓடும் பிரிப்பேர் மெத்தடில் கொடுக்கலாம், ஆனால் அங்கே அடுத்த திரையின் லேபிளைத் தொடாதீர்கள். வியூ இன்னும் ஏறியிருக்காது, செயலி விழுந்துவிடும்.

சிங்கிள்டன், அதாவது செயலி முழுக்கப் பகிரும் ஒரே ஒரு பொருள்? சின்னச் செயலிக்கு ஓடும். அதை வைத்திருக்கும் ஸ்டாட்டிக் லெட் ஒரு தடவைதான் உருவாகும், எத்தனை த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) கேட்டாலும். ஆனால் உள்ளே இருக்கும் அரேக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. டெஸ்ட் எழுதும்போதும் தலைவலி, அதனால் நான் தவிர்ப்பேன்.

எல்லாம் சரியாகியும் இரண்டாம் டேபில் பழைய எண்ணே தெரிந்தால், பட்டியலைக் காட்டும் டேபிளைப் புதுப்பிக்கும் வரியை வியூ டிட் லோடிலிருந்து வியூ வில் அப்பியருக்கு மாற்றுங்கள். முன்னது டேபை முதன்முறை திறக்கும்போது மட்டுமே ஓடும், பின்னது திறக்கும் ஒவ்வொரு முறையும்.