ஞாபகசக்தி கேப்ஸ்யூல் வாங்கலாமா? (கேள்வி-பதில்)

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. பேரன் பெயரே மறந்துபோகிறது. மூளைக்கு நல்லது என்று ஒரு ஆன்டிஆக்சிடன்ட் கேப்ஸ்யூல் விற்கிறார்கள், மாதம் 2,400 ரூபாய். எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் இருக்கிறது. நம்பலாமா?

பதில்: வாங்காதீர்கள். முதலில் டாக்டரிடம் கூட்டிப்போய் வைட்டமின் பி12, தைராய்டு இரண்டையும் பரிசோதியுங்கள். அவற்றில் குறை இருந்தாலும் மறதி வரும், அதைச் சரிசெய்ய வழி உண்டு. சில தூக்க மாத்திரைகளாலும் வரும் என்பதால், அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துப் போங்கள்.

அடுத்து அந்த எண். 14 இலக்கம் கொண்ட அது, உணவுப் பொருள் தயாரிக்கவும் விற்கவும் கொடுக்கும் உரிமம். ஞாபகசக்தி கூடும் என்று அரசு சோதித்துப் பார்த்துக் கொடுத்த சான்றிதழ் இல்லை. என் அம்மாவுக்கு ஜிங்கோ (ஞாபகசக்திக்கு என்று விற்கும் ஒரு மர இலைச் சாறு) வாங்கியபோது கடைக்காரர் இந்த எண்ணைத்தான் விரல் வைத்துக் காட்டினார். டப்பாக்கள் காலியானதுதான் மிச்சம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று அதே டப்பாவில் போட்டிருக்க வேண்டும். அதை எந்தக் கடைக்காரரும் காட்டுவதில்லை.

உடல் இழுக்கும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதம் மூளைக்கே போகிறது. ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது உண்டாகும் சில பொருட்கள் செல்களைச் சேதப்படுத்தும்; அதுதான் ஆக்சிஜனேற்றப் பாதிப்பு. அதை ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்துத் தடுத்தால் மறதியையும் தடுக்கலாம் என்று எதிர்பார்த்தார்கள். மனிதர்களிடம் சோதித்தபோது அது பலிக்கவில்லை. அமெரிக்காவில் 3,000 பேருக்கு மேல் ஜிங்கோ கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008-இல் வந்தது; டிமென்ஷியா (மறதி நோய்) வருவது குறையவில்லை. அறுபது தாண்டிய 7,500 ஆண்களிடம் வைட்டமின் ஈ, செலினியம் (ஒரு தாதுச்சத்து) இரண்டையும் சோதித்த ஆய்வு 2017-இல் வந்தது. அதிலும் அதே முடிவு. வைட்டமின் ஈ தினமும் 400 யூனிட் சாப்பிட்ட ஆண்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாக 2011-இல் வேறு தெரியவந்தது.

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் மகளுக்கு இதைக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். இரவில் நன்றாகத் தூங்கவிடுங்கள்.

கேள்வி: ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறேன். யூடியூப் பார்த்து ஜிங்கோவும் வைட்டமின் ஈ-யும் ஆரம்பித்துவிட்டேன். காலையில் சாப்பிடுவதா, இரவிலா?

பதில்: எந்த நேரத்திலும் கூடாது. வார்ஃபரினோடு சேர்ந்தால் இரண்டுமே ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டக்கூடும். டாக்டரைக் கேட்காமல் எப்படி ஆரம்பித்தீர்கள்? இன்றே இரண்டையும் நிறுத்திவிட்டு அவரிடம் சொல்லுங்கள். வார்ஃபரினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: தனியாக இருக்கிறேன். அல்சைமர் வரவே வராது என்று போனில் பேசிப் பேசி, ஆறு மாத பேக்கை 14,000 ரூபாய்க்குத் தலையில் கட்டிவிட்டார்கள். பணம் திரும்பக் கிடைக்காதாம். என் தப்புதான்.

பதில்: உங்கள் தப்பே இல்லை அம்மா. வயதானவரிடம் பயத்தைக் காட்டி விற்றது அவர்கள் செய்த தப்பு. நோய் வராது என்று சொல்லி உணவுப் பொருளை விற்கவே கூடாது. பில், வாட்ஸ்அப் செய்தி, விளம்பரம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகார் பதிவு செய்யுங்கள். அதிலும் மசியவில்லை என்றால், உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. ஆனால் இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். பிரிக்காத டப்பாக்களை அப்படியே வைத்திருங்கள், ஆணையத்தில் காட்ட வேண்டியிருக்கும்.