கம்ப்யூட்டர் கேள்வி பதில்: நல்லா ஓடற சைட்ட எதுக்கு நோண்டணும்?

கேள்வி: சார், பண்ருட்டி முந்திரிய ஆன்லைன்ல விக்கிறோம், கடை கடலூர்ல. 2020ல தெரிஞ்ச பையன் ஒருத்தன் பிஹெச்பி 7.4ல சைட் போட்டுக் குடுத்தான், இப்ப அவன் சென்னைக்கு வேலைக்குப் போயிட்டான், போன் எடுக்கறதில்ல. ஹோஸ்டிங்காரங்க 8க்கு மாத்துங்கன்னு மெயில் மேல மெயில் போடறாங்க. நல்லா ஓடறத எதுக்கு நோண்டணும்?
வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: ஓடுது சரி, நல்லா ஓடுதான்னுதான் தெரியல. பிஹெச்பிங்கறது உங்க சைட் எழுதின மொழி, 7.4ங்கறது அதோட வெர்ஷன், அந்த 7.4க்கு செக்யூரிட்டி ஃபிக்ஸ், அதாவது ஓட்டைய அடைக்கற ரிப்பேர், குடுக்கறது 2022 நவம்பர் 28ஓட முடிஞ்சு போச்சு. கடலூர்க்காரருக்கு புயல் கூண்டு பத்தி நான் சொல்லணுமா? துறைமுகத்துல கூண்டு ஏத்தினா போட்ட இழுத்துக் கட்டிட்டு வீட்டுக்குப் போயிடுவோம். உங்க வெர்ஷன் கூண்டு ஏத்தறவரே ரிட்டையர் ஆயிட்டுப் போன துறைமுகம், அங்க கூண்டு ஏறலங்கறதுக்காக கடல் அமைதியா இருக்குன்னு ஆயிடாது.

மாத்தறதுன்னு ஆச்சுன்னா 8.0ல போய் நிக்காதீங்க, அதுக்கும் 2023 நவம்பர்லயே கதவ சாத்திட்டாங்க. 8.4க்கு போங்க, 2024 நவம்பர்ல வந்தது, 2028 டிசம்பர் 31 வரைக்கும் செக்யூரிட்டி ஃபிக்ஸ் உண்டு.

இப்ப பயமுறுத்தற பகுதிக்கு வரேன். பழைய கோட்ல ஈச்னு ஒரு ஃபங்ஷன் இருந்தாலோ, ஸ்ட்ரிங்ல ஒரு எழுத்த எடுக்க சுருள் பிராக்கெட் போட்டிருந்தாலோ 8ல அந்தப் பக்கமே வராது, வெள்ளையா நிக்கும், ரெண்டையும் 8.0லயே தூக்கிட்டாங்க. அது பரவால்ல, எரர் லாக்ல வரி நம்பரோட சொல்லிடும், யாராவது ஒரு பையன் அரை நாள்ல சரி பண்ணிடுவான். எரரே வராம கணக்கு மாறுது பாருங்க, அதுதான் ஆள கொல்லும். எனக்குத் தெரிஞ்ச ஒரு பலகாரக் கடை சைட்ல கஸ்டமர் ஊர செலக்ட் பண்ணாம விட்டா 0ன்னு நம்பரா எடுத்துக்கற மாதிரி எழுதியிருந்தாங்க, அடுத்த வரியில, ரெண்டும் ஒண்ணான்னு கேக்கற == குறிய வச்சு, ஊர் == "கடலூர்"னா டெலிவரி ஃப்ரீ, இல்லன்னா 60 ரூபா. 7.4ல 0 == "கடலூர்"னு கேட்டா ஆமான்னு சொல்லும், சிரிக்காதீங்க, நெஜமாத்தான், ஏன்னா அது "கடலூர்"ங்கற வார்த்தைய நம்பரா மாத்தப் பார்க்கும், ஒண்ணும் தேறாது, 0ன்னு வச்சுக்கும். 8.0ல இருந்து 0வத்தான் எழுத்தா மாத்தி ஒப்பிடுது, அதனால இல்லன்னு வரும். வருஷக்கணக்கா ஊர் போடாதவங்க எல்லாருக்கும் ஃப்ரீயா அனுப்பிட்டிருந்த கடை, வெர்ஷன் மாத்தின அன்னிக்கு அதே ஆளுங்ககிட்ட 60 ரூபா கேட்டுது, கஸ்டமர் போன் பண்ணி சத்தம் போட்டப்புறம்தான் ஓனருக்கே விஷயம் தெரிஞ்சுது. எத்தன வருஷமா நஷ்டம்னு அவர் கணக்குப் போடவே இல்ல, நல்லது.

அதனால நேரா லைவ்ல கை வைக்காதீங்க. டேட்டாபேஸோட சேர்த்து பேக்கப் எடுத்து, சப்டொமைன் ஒண்ணுல (உங்க சைட் பேருக்குக் கீழயே இன்னொரு முகவரி) சைட்ட காப்பி போட்டு, அங்க மட்டும் 8.4ன்னு மாத்தி, எரர் லாக்க ஆன் பண்ணிட்டு பத்து ஆர்டர் போட்டுப் பாருங்க. ஒழுங்கா போடற ஆர்டர் ரெண்டு போதும், மிச்சம் எட்டும் ஊர் இல்லாம, அளவு இல்லாம, கூப்பன் தப்பா, அப்படி ஏடாகூடமா இருக்கட்டும். கோடு பார்க்கற பையன்கிட்ட == இருக்கற இடமெல்லாம் தேடி, தேவைப்படற இடத்துல, நம்பரா எழுத்தான்னு வகையையும் சேர்த்துப் பார்க்கற === போடச் சொல்லுங்க.

இன்னொண்ணு, பிஹெச்பில மூணு நம்பர் இருக்குல்ல, 8.4க்கு அப்புறம் வர்ற கடைசி நம்பர் ஏறினா அது வெறும் ரிப்பேர், கண்ண மூடிட்டு போடலாம். முதல் நம்பரோ நடு நம்பரோ மாறும்போதுதான் இந்தப் பத்து ஆர்டர் வேலையெல்லாம்.

கேள்வி: எங்க ஆபீஸ்ல விண்டோஸ்ல ஸாம்ப் (சர்வர், பிஹெச்பி, டேட்டாபேஸ் எல்லாம் ஒரே பேக்கா வர்றது) போட்டு பில்லிங் ஓடுது, மூணு கவுன்ட்டர், உள்ளுக்குள்ள மட்டும்தான். அப்டேட் தேவையா?
வாசகி, லாஸ்பேட்டை

பதில்: உள்ளுக்குள்ள மட்டும்தானான்னு மொதல்ல உறுதி பண்ணிக்குங்க மேடம். ஓனர் வீட்ல இருந்து பில் பார்க்க ஆசைப்பட்டு ரவுட்டர்ல போர்ட்ட, அதாவது வெளிய இருந்து உள்ள வர்ற வழிய, திறந்து விட்ட ஆபீஸ் புதுச்சேரில நான் பார்த்ததே நாலஞ்சு.

2024 ஜூன்ல ஒண்ணு நடந்துது. விண்டோஸ்ல ஓடற பிஹெச்பி சிஜிஐல (வெப் சர்வர் பிஹெச்பிய கூப்பிடற ஒரு வழி) ஒரு ஓட்டை, தைவான் செக்யூரிட்டி ஆளு ஆரஞ்ச் சாய் கண்டுபிடிச்சார். மைனஸ் குறிய வச்சு கமாண்ட் அனுப்பறத 2012லயே அடைச்சுட்டாங்க, ஆனா விண்டோஸ் சில மொழி செட்டிங்ல கண்ணுக்குத் தெரியாத வேறொரு குறிய தானாவே மைனஸா மாத்திக் குடுத்துடுது, வாட்ச்மேன் முன்வாசல்ல நிக்க பின்வாசல்ல இன்னொருத்தன் சாவி குடுத்த கதை. சீன, ஜப்பான் செட்டிங்லதான் உறுதியா காட்டினாங்க, ஆனா ஸாம்ப் இன்ஸ்டால் ஆகும்போதே வர்ற செட்டிங்கே இதுல மாட்டிக்குது. ஜூன் 6ந் தேதி பிஹெச்பி 8.3.8, 8.2.20, 8.1.29ன்னு ஃபிக்ஸ் வந்துது, ரெண்டு மூணு நாள்ல, ஃபைல பூட்டிட்டு பணம் கேக்கற ரான்சம்வேர்காரனுங்க உள்ள பூந்துட்டாங்க. பிஹெச்பி 7ம் 5ம் வச்சிருந்தவங்களுக்கும் அதே ஓட்டைதான், ஃபிக்ஸ் மட்டும் கிடையாது.

ஸாம்ப் தானா அப்டேட் ஆகாது, நீங்கதான் புதுசு போட்டு டேட்டாவ மாத்தணும். ஒரு ஞாயித்துக்கிழமை ஒதுக்குங்க.

கேள்வி: உபுன்டு லினக்ஸ் 22.04 சர்வர்ல பிஹெச்பி 8.1.2ன்னே காட்டுது, எத்தன அப்டேட் போட்டாலும் நகரல.
வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: நகராது. உபுன்டுகாரங்க நம்பர மாத்தாம ஓட்டைய மட்டும் அடைச்சு அனுப்புவாங்க, 8.1.2க்குப் பின்னாடி வால் மாதிரி ஒண்ணு இருக்கும் பாருங்க, அதுதான் மாறும். அப்டேட் ஒழுங்கா போடறீங்கன்னா நிம்மதியா தூங்குங்க.

கேள்வி: அண்ணா, காலேஜ் பிஹெச்பி ப்ராஜெக்ட்ல "புதுச்சேரி"ன்னு குடுத்து, நீளம் சொல்ற ஸ்ட்ர்லென் ஃபங்ஷன் போட்டா 30ன்னு வருது. என் கோட் தப்பா?
மாணவி, முத்தியால்பேட்டை

பதில்: கோட் சரிதாம்மா, அது எழுத்த எண்ணல, பைட்ட எண்ணுது. யுடிஎஃப்-8ல (எழுத்த கம்ப்யூட்டர்ல சேமிக்கற முறை) தமிழுக்கு ஒரு குறிக்கு 3 பைட். எம்பி_ஸ்ட்ர்லென் போட்டுப் பாரு, 10 வரும், ஏன்னா ப தனி, உகரக் கொம்பு தனி, புள்ளி தனின்னு எண்ணும். நம்ம ஊர் ஒண்ணாங் கிளாஸ் புள்ள எண்ணினா பு, து, ச், சே, ரி, அஞ்சுதான். அந்த 5 வேணும்னா கிராஃபீம்_ஸ்ட்ர்லென். எழுத்து எழுத்தா பிரிச்சுத் தர்றதுக்கு 8.4ல கிராஃபீம்_ஸ்ட்ர்_ஸ்ப்ளிட்னு புதுசா குடுத்திருக்காங்க, தமிழ்ல குறுக்கெழுத்து, வார்த்தை விளையாட்டு எழுதறவங்களுக்கு இது ஒண்ணுக்காகவே வெர்ஷன் மாத்தலாம்னு நான் சொல்லுவேன். கிராஃபீம் ஃபங்ஷனெல்லாம் வர்ற intl எக்ஸ்டென்ஷன் ஆன்ல இருக்கான்னு பார்த்துக்கோ, இல்லன்னா ஃபங்ஷனே இல்லன்னு எரர் வரும்.