பூட்டிய வீடு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

உங்கள் கட்டுரைகளைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. மே மாத விடுமுறைக்குச் சென்னையிலிருந்து குடும்பத்துடன் மதுரை வந்திருந்தோம். மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், அழகர்கோயில் எல்லாம் இரண்டு நாளில் முடிந்துவிட்டன. மூன்றாம் நாள் பிள்ளைகள் சலித்துப்போய் உட்கார்ந்திருந்தபோது, என் மைத்துனர் மேலூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் இருக்கும் பேய் வீட்டுக்கு அழைத்துப் போனார். நாற்பது ஆண்டுகளாகக் கைவிடப்பட்ட வீடாம். பின்சுவர் இடிந்த இடத்தின் வழியாக உள்ளே போனோம். முற்றத்தில் அரசங்கன்று மரமாகவே வளர்ந்து நின்றது. உள்ளறைச் சுவரில் இடுப்பளவு உயரத்தில் கறுப்பாக ஒரு பெரிய கறை. அந்த வீட்டு மருமகள் தலையை மோதிக்கொண்டு இறந்த இடம் அது என்றும், எத்தனை முறை வெள்ளையடித்தாலும் அந்த ரத்தம் மறையவில்லை என்றும் மைத்துனர் சொன்னார். அப்போது மாடியில் யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. எல்லோரும் வெளியே ஓடி வந்துவிட்டோம்.

மகனுக்கு வயது பதின்மூன்று. தான் எடுத்த வீடியோவை நண்பர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டான். மகளுக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து அவள் சரியாகத் தூங்குவதில்லை. அங்கே விளக்கு மாடத்தில் கிடந்த சோழிகளில் ஒரு கைப்பிடி எடுத்து வந்திருக்கிறாள் என்பது ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. அந்த அக்கா சோழியைத் தேடுவாரா என்று கேட்கிறாள். பேய் கிடையாது என்று சொல்லிவிடவா? எனக்கே உறுதியாகத் தெரியாததை எப்படிச் சொல்வது? நீங்கள் பேயை நம்புகிறீர்களா? இவ்வளவு அழகான வீடுகளை நம் மக்கள் ஏன் பாழாக விடுகிறார்கள்?

(வாசகரின் பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்கு ஒரு பதிவுத் தபாலும் வந்தது. சோழவந்தானுக்கு அந்தப் பக்கம், வைகைக் கரையை ஒட்டிய ஒரு ஊரில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு காரைவீடு இருக்கிறது. அதை விற்பதற்கு என் கையெழுத்தைக் கேட்டு வக்கீல் அனுப்பியது. பத்தொன்பது பேர் கையெழுத்திட வேண்டும், நான் பதினேழாவது. இரண்டு கடிதங்களையும் ஒரே நாளில் படித்ததால் என்னால் பதிலை ஒத்திப்போட முடியவில்லை.

முதலில் உங்களைக் கண்டித்துவிடுகிறேன். ஒன்பது வயதுக் குழந்தையை இடிந்த சுவர் வழியாக உள்ளே நுழைத்திருக்கிறீர்கள். மட்டப்பா என்கிற தட்டைக் கூரை என்றால் தலைக்கு மேல் செங்கலும் சுண்ணாம்புமாகப் பல டன் கனம். அதைத் தாங்குகிற உத்தரத்தின் நடுப்பகுதி நூறு ஆண்டுகள் ஆனாலும் நன்றாகத்தான் தெரியும். சுவருக்குள் புதைந்திருக்கும் முனைதான் முதலில் உளுத்துப்போகும். ஈரம் தங்குவது அங்கே. கரையான் ஏறுவதும் அங்கே. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. இடிந்த செங்கல் குவியலில் கண்ணாடி விரியன் படுத்திருக்கும். பின்கட்டில் கிணறு இருந்திருக்கும், அதன் கைப்பிடிச் சுவர் விழுந்து செடி மூடியிருக்கும். பேய்க்குப் பயந்து ஓடிவந்தீர்களே, ஓடிய வழியில் அந்தக் கிணறு இல்லாமல் போனது உங்கள் அதிர்ஷ்டம். இனி ஒருபோதும் இதைச் செய்யாதீர்கள். பழைய வீட்டைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் வீட்டுக்காரரைத் தேடிப்பிடித்துச் சாவி கேளுங்கள். வீட்டைப் பற்றித் தெரிந்த ஒருவர் முன்னால் நடக்கட்டும்.

பேயை நான் நம்பவில்லை. மாடியில் நடந்தது மரநாயாக இருக்கும். பகலெல்லாம் தூங்குகிற பிராணி, உங்கள் சத்தத்தில் எழுந்திருக்கும். கூகை குஞ்சு பொரித்திருந்தாலும் ஆள் மூச்சிரைப்பது போல் கேட்கும். இதைப் பற்றி எழுத எனக்கு வேறொன்றும் இல்லை.

அந்தக் கறைக்கு வருகிறேன். நின்றுகொண்டு தலையை மோதுகிறவரின் தலை இடுப்பு உயரத்திலா படும்? பதின்மூன்று வயதுப் பையனுக்குக்கூடத் தோன்றியிருக்க வேண்டிய கேள்வி. தரையில் உட்கார்ந்து சாய்கிறவரின் தலை எங்கே படும் என்று வீட்டுச் சுவரில் அளந்து பாருங்கள். அது எண்ணெய், நண்பரே. தினமும் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்ட பெண்கள், வேலை முடிந்து சற்று நேரம் சாய்ந்து உட்கார்ந்த இடம். பல பத்து ஆண்டுகள் சுண்ணாம்புச் சுவர் அதைக் குடித்திருக்கிறது. மேலே எத்தனை முறை வெள்ளையடித்தாலும் எண்ணெய் ஊறி வெளியே வரும். அந்தக் கறையை ரத்தம் என்று உங்கள் மைத்துனருக்குச் சொன்னவர் யாரோ, அவருக்குச் சொன்னவர் யாரோ.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கறை உண்டு. முற்றத்தைச் சுற்றி எட்டுத் தேக்குத் தூண்கள். அடுப்படிப் பக்கத்துத் தூணில் மட்டும் உட்கார்ந்த தலை உயரத்தில் ஒரு கை அகலத்துக்கு மரம் கறுத்து மினுங்கும். அது என் பெரிய அத்தை சாய்ந்திருந்த இடம்.

அத்தை இருபத்தொரு வயதில் கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவர். தாத்தா 1961இல் உயில் எழுதாமல் இறந்தார். அந்த வீடு அவர் வெற்றிலைக் கொடிக்காலில் சம்பாதித்துக் கட்டியது. 1956ஆம் ஆண்டின் வாரிசுச் சட்டப்படி மகன்களுக்கு உள்ள அதே பங்கு அத்தைக்கும் உண்டு. அவரிடம் அதை யாரும் சொல்லவில்லை. காலமுள்ளவரை அந்த வீட்டில் இருந்துகொள்ளலாம் என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். வாங்கிய மூவரில் என் அப்பாவும் ஒருவர். பிறகு ஒருவர் திண்டுக்கல்லிலும் ஒருவர் மதுரையிலும் குடியேற, கடைசிச் சித்தப்பா அடுத்த தெருவில் புது வீடு கட்டிக்கொண்டார். அத்தை இரண்டு கட்டு வீட்டில் தனியாக இருந்தார். அந்தி சாய்ந்தால் விளக்கு மாடத்தில் அகல் ஏற்றுவார். இளைப்பு நோய் உண்டு. படுத்தால் மூச்சு முட்டும். அதனால் இரவெல்லாம் முற்றத்தைச் சுற்றி நடப்பார், களைத்தால் அந்தத் தூணில் சாய்ந்து உட்காருவார். விடுமுறைக்குப் போன நாட்களில் தூக்கம் கலைந்து நான் எழும்போதெல்லாம் அந்தக் காலடிச் சத்தம் கேட்கும். அதைக் கேட்டபடியே மறுபடி தூங்கிவிடுவேன். உலகத்தில் அதைவிடப் பத்திரமான சத்தம் எனக்கு வேறு எதுவும் இருந்ததில்லை. என் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு சத்தத்தை நான் கொடுக்கவில்லை என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது.

1984இல், ஐப்பசி மழையில் அத்தை இறந்தார். வீட்டைப் பூட்டினோம். இரண்டு ஆண்டுகளுக்குள் அடுப்படிக் கதவை நிலையோடு பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பர்மாத் தேக்கு, விலை போகும். காவலுக்கு ஆள் போட்டால் கூலியை யார் கொடுப்பது என்று மூன்று வீட்டிலும் பேச்சு. அப்போது சித்தப்பா டீக்கடையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை சொன்னார்: “ராத்திரியில் அக்கா இன்னும் முற்றத்தில் நடக்கிறாள்.” அவ்வளவுதான். அத்தை உயிரோடு நடந்ததை ஊரே கேட்டிருந்தது. அதனால் ஊர் உடனே நம்பியது. அதற்குப் பிறகு ஒரு கதவும் போகவில்லை.

சித்தப்பா கெட்டவர் இல்லை. அத்தைக்குக் கடைசிவரை பால் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர்தான். செலவில்லாத ஒரு காவலைக் கண்டுபிடித்தோம் என்றுதான் நினைத்திருப்பார். அப்பா அதைக் கேட்டுச் சிரித்தார். நானும் சும்மா இருந்தேன். பதினாறு வயது, வாய் திறந்து கேட்கிற வயதுதான்.

2009இல் போனபோது திண்ணையில் சீட்டாடிக்கொண்டிருந்த இளைஞர்கள் என்னை யாரென்று தெரியாமல் உள்ளே அழைத்துப்போய் அந்தத் தூணைக் காட்டினார்கள். பேய் தலை சாய்க்கிற இடமாம். நள்ளிரவில் அங்கே ஒரு கிழவி மூச்சுக்குத் தவித்துக்கொண்டு குழந்தைகளைக் கூப்பிடுவாளாம். விடுமுறைக்கு வரும் ஒரு பையனுக்காக மாத்திரை விலையில் மிச்சம் பிடித்து முறுக்கு வாங்கி வைத்திருந்த பெண்ணை அவர்களுக்குத் தெரியாது. உயிரோடு இருந்தபோது பங்கைப் பிடுங்கினோம். செத்த பிறகு காவலுக்கு நிறுத்தினோம், கூலி இல்லாமல். என் குடும்பத்தின் மீது எனக்குள்ள வழக்கு இதுதான். இதை அந்தப் பதிவுத் தபாலுக்குப் பதிலாகவும் எழுதியிருக்கிறேன்.

அதன்பிறகு மதுரை வட்டாரத்தில் எந்தப் பேய் வீட்டுக் கதையைக் கேட்டாலும் ஒன்றைத்தான் கவனிக்கிறேன். பேய் எப்போதும் பெண். மருமகள், விதவை, கல்யாணம் ஆகாமல் இறந்த மகள். சொத்தைத் தின்றவன் எவனும் பேயாகவில்லை. நம் பாட்டிகளின் காலத்தில் இதற்கு வேறொரு வழக்கமாவது இருந்தது. வயதுக்கு முன்னால் இறந்த பெண்ணை வீட்டுக் கன்னியாக்கி, ஆண்டுக்கொருமுறை புதுச் சேலையும் வளையலும் வைத்துக் கும்பிட்டார்கள். வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் அருச்சுனாபுரத்துக்குப் போய்ப் பாருங்கள். பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்து, அண்ணி சோறு போடாததால் பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்த நல்லதங்காளுக்கு அங்கே கோயில் இருக்கிறது. கதையில் அண்ணியின் கொடுமையை ஒரு வரிகூட மறைக்காமல் சொல்கிறார்கள். தவறு யாருடையது என்று அந்த ஊர் மறக்கவில்லை. பேய்க் கதையில் தவறு செய்தவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள். செத்தவள் மட்டும் அலைகிறாள்.

வீடுகளைப் பாழாக விடுவது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். ‘கைவிடப்பட்ட வீடு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். நம் ஊரில் வீட்டைக் கைவிடுகிறவர் யாருமில்லை. விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் வீடு விழுகிறது. மூன்று பங்கு அடுத்த தலைமுறையில் பத்தொன்பது ஆகிறது. ஒருவர் ஓடு மாற்றினால் மற்றவர்கள் உரிமை கொண்டாடப் பார்க்கிறார் என்பார்கள். வாடகைக்கு விட்டால் பணம் யாருக்கு என்று சண்டை. விற்கப் போனால் ஒருவர் மலேசியாவில், ஒருவர் தம்பியோடு பேசுவதில்லை. இதற்கிடையில் மழை பெய்கிறது. வாங்க நினைக்கிற உள்ளூர்க்காரருக்கோ பேய்க் கதை நல்ல துணை. எங்கள் வீட்டுக்கு முதலில் விலை கேட்டவர் அதைச் சொல்லித்தான் குறைத்தார். திருமலை நாயக்கர் 1636இல் கட்டிய மகாலைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். இன்று நிற்பது அதில் சிறு பகுதிதான். மீதியை எந்த ஆவியும் இடிக்கவில்லை. அதில் பெரும்பகுதியைப் பேரன் சொக்கநாத நாயக்கர் திருச்சியில் தனக்கு அரண்மனை கட்டுவதற்காகப் பெயர்த்துக்கொண்டு போனார். எங்கள் அடுப்படிக் கதவு போன அதே வழி. மேலூர் வீட்டில் கடைசியாகக் கதவைப் பூட்டியவர் யார், அவருக்கும் மற்றவர்களுக்கும் என்ன வழக்கு என்று உங்கள் மைத்துனரை விசாரிக்கச் சொல்லுங்கள். அந்த மருமகள் யார், உண்மையில் எப்படி இறந்தார், அப்படி ஒருவர் இருந்தாரா என்பதெல்லாம் அதோடு சேர்ந்து வெளியே வரும்.

உங்கள் மகளை நினைத்துத்தான் இவ்வளவும் எழுதினேன். வீட்டில் அத்தனை பேர் இருந்தும், அந்த அக்கா தேடுவாரே என்று கவலைப்பட்டது அவள் ஒருத்திதான். அந்தக் கவலையைப் பயம் என்று நினைத்து ‘பேய் கிடையாது, தூங்கு’ என்று அணைத்துவிடாதீர்கள். அந்தக் கறை எண்ணெய் என்று சொல்லுங்கள். அவளுடைய ஆச்சி தலை சாய்க்கிற இடத்தைக் காட்டுங்கள். சோழிகளை அடுத்த முறை மைத்துனர் மூலம் வீட்டுக்காரரிடம் சேர்த்துவிடுங்கள், மாடத்திலிருந்து எடுத்தது என்று சொல்லி. மகனிடம் அந்த வீடியோவை அழிக்கச் சொல்லுங்கள்; யார் யாருக்கு அனுப்பினானோ அவர்களிடமும் அழிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளட்டும்.

நான் கையெழுத்துப் போடுகிறேன் என்று வக்கீலுக்கு எழுதிவிட்டேன். பங்குப் பணம் வேண்டாம், அடுப்படிப் பக்கத்துத் தூணை இடிப்பதற்கு முன்னால் கழற்றி எனக்குக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். ஒன்பதடி நீளம். மதுரையில் என் வீட்டு மாடிப்படியில் அதை ஏற்ற முடியுமா என்று நேற்று ஒரு தச்சாசாரி வந்து அளந்துவிட்டுப் போனார். முடியாது, குறுக்கே அறுக்க வேண்டும் என்கிறார். கறைக்கு மேலே அறுத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறேன்.