நார்வேக்காரர்கள் காப்பியடித்தார்களா?

கேள்வி: ஐரோப்பாவில் 1920-களில் கிளம்பிய நியோகிளாசிசத்தை, அதாவது பழைய வடிவங்களுக்கும் தெளிவுக்கும் திரும்பும் இசைப் போக்கை, நார்வேக்காரர்கள் தாமதமாகக் காப்பியடித்தார்கள். இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக்குக்குப் பிறகு அவர்கள் இசையில் சொந்தச் சரக்கு ஏது? (ஒரு வாசகர், கோவை)

பதில்: தாமதம்தான், ஒப்புக்கொள்கிறேன். காப்பி என்பதில்தான் தகராறு. பழைய வடிவத்தை எடுத்தாள்வது காப்பி என்றால் முதல் குற்றவாளி உங்கள் கிரீக்தான். பெர்கனில் பிறந்த நாடகாசிரியர் ஹோல்பெர்கின் 200-ஆவது பிறந்த ஆண்டுக்காக 1884-இல் கிரீக் எழுதிய தொகுப்பில் சரபாந்த், கவோத் என்று பழைய நடனங்கள். நியோகிளாசிசத்தின் பெரிய தலையான ஸ்ட்ராவின்ஸ்கிக்கு அப்போது இரண்டு வயது.

1905-இல் ஸ்வீடனிடமிருந்து பிரிந்த நாடு அது. இசையமைப்பாளர் என்றால் நாட்டார் மெட்டும் பழம்புராணமும் கையில் இருந்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இரண்டாம் உலகப் போர் வரை ஓயவில்லை. 1938-இல் பாலின் ஹால் தொடங்கிய ‘நி முசிக்’ அமைப்பு நவீன இசைக்கு ஒரு ஜன்னலைத் திறந்ததோடு சரி. தேசிய அணியில் பெரிய பெயர் டேவிட் மொன்ராட் யோஹான்சன். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது நாஜிகளுக்கு ஒத்துழைத்த கட்சியில் இருந்தார்; போர் முடிந்ததும் துரோகக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றார். தேசிய இசை என்ற பேச்சே பலருக்குக் கசந்துபோனது. அவர் மகன் யோஹான் க்வாண்டால் என்ன செய்தார்? 1950-களின் தொடக்கத்தில் பாரிஸுக்குப் போய் நியோகிளாசிசத்தின் பெயர்பெற்ற ஆசிரியை நாதியா பூலான்ஜேயிடம் படித்தார். நாட்டார் மெட்டை அவர் கைவிடவில்லை. அதன் மேல் படிந்திருந்த புகையைத்தான் துடைத்தார். தெளிவான கோடு, அளவான வடிவம், அழுகை கிடையாது. அப்படியொரு வீட்டில் வளர்ந்தவருக்கு இது வெறும் ஃபேஷனாக இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

ஆனால் நார்வேயில் நியோகிளாசிசம் ரேழி மாதிரி ஆகிவிட்டது. ஃபின் மோர்டென்சன், எகில் ஹவ்லன் இருவரும் அதில் நுழைந்து பன்னிரண்டு சுரங்களையும் சமமாக வைத்து இசையமைக்கும் பன்னிரு சுர முறைக்குக் கடந்து போனார்கள். அப்புறம் ஆர்னே நூர்தெய்ம் மின்னணு ஒலிகளோடு வந்தார். க்வாண்டால் மாதிரி சிலர்தான் ரேழியிலேயே பாய் விரித்தார்கள். பிற்போக்கு என்ற பட்டம் அவர்களுக்குச் சும்மா கிடைத்தது.

இன்னொன்று. நார்வே ஆக்கிரமிப்பைப் பற்றிய ஹாலிவுட் படம் ஒன்றுக்காக 1942-இல் ஸ்ட்ராவின்ஸ்கி நார்வே நாட்டார் மெட்டுகளை எடுத்து இசை எழுதினார். அந்த ஏற்பாடு நின்றுபோகவே, அதையே கச்சேரிக்கான நான்கு துண்டுகளாக ஆக்கிவிட்டார். காப்பி வழக்குப் போடுவதென்றால் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.