சின்சினாட்டியின் மேயர் நாற்காலி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள சின்சினாட்டி நகரின் மேயர் பட்டியலைப் பார்த்தேன். 1970களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு ஒருவர் என்ற கணக்கில் மேயர்கள் மாறியிருக்கிறார்கள். ஆண்டுதோறும் ஆட்சி கவிழ்ந்ததா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: ஆட்சி ஒருமுறைகூடக் கவிழவில்லை. பேசி வைத்துக்கொண்டு முறைபோட்டு உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். அன்றைய சின்சினாட்டியில் மக்கள் நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒன்பது பேர் கொண்ட நகர மன்றத்தை மட்டும் ஈராண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஒன்பது பேரும் தங்களுக்குள் ஒருவரை மேயர் ஆக்கிக்கொண்டார்கள். ஜனநாயகக் கட்சியும், சார்ட்டர் கமிட்டி என்ற உள்ளூர் சீர்திருத்த அமைப்பும் அப்போது கூட்டணி அமைத்திருந்ததால், நாற்காலியை ஆளுக்கு ஓராண்டு எனப் பங்கிட்டுக்கொண்டன. 1975 டிசம்பரில் பாபி ஸ்டெர்ன் மேயரானார். அந்நகர மன்றம் மேயராகத் தேர்ந்தெடுத்த முதல் பெண் அவர்தான். அடுத்த ஆண்டு ஜேம்ஸ் லூக்கன் வந்தார். அதற்கடுத்து, 1977இல், ஜெர்ரி ஸ்பிரிங்கர் தம் 33ஆவது வயதில் அந்த நாற்காலியில் அமர்ந்தார்.

பிற்காலத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கூச்சலும் கைகலப்பும் நிறைந்த பேச்சு நிகழ்ச்சியை நடத்திப் பெயரெடுத்த அதே ஸ்பிரிங்கர்தான் இவர். பாலியல் தொழிலாளி ஒருவருக்குக் காசோலையாகப் பணம் கொடுத்து, அது வெளியே தெரிந்ததும் 1974இல் மன்ற உறுப்பினர் பதவியிலிருந்து விலகினார். மறைத்துச் செய்ய நினைத்த காரியத்திற்குக் கையெழுத்துப் போட்ட காசோலையைக் கொடுத்த அந்த அப்பாவித்தனத்தை ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. ஆனால் மறு ஆண்டுத் தேர்தலிலேயே அதே ஊர் அவரைத் திரும்பவும் மன்றத்திற்கு அனுப்பியது.

நாற்காலியை இப்படிச் சண்டையில்லாமல் கைமாற்ற முடிந்ததற்குக் காரணம், அதில் பெரிய அதிகாரம் எதுவும் இல்லாததுதான். மேயர் மன்றத்திற்குத் தலைமை தாங்குவார், விழாக்களில் நாடா வெட்டுவார், மற்ற எட்டுப் பேரைப்போல அவருக்கும் ஒரே ஒரு வாக்கு. நிர்வாகம் முழுவதும் நகர மேலாளர் என்ற சம்பள அதிகாரியிடம் இருந்தது. நம் ஊர் மாநகராட்சி ஆணையரை நினைத்துக்கொண்டால் ஓரளவு பிடிபடும். ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. நம் ஆணையரை மாநில அரசு அனுப்புகிறது. சின்சினாட்டியின் மேலாளரை வேலைக்கு எடுத்ததும் நகர மன்றம்தான், வேண்டாமென்றால் நீக்கியதும் நகர மன்றம்தான்.

கேள்வி: மேயருக்கு அதிகாரமே இல்லாத இப்படிப்பட்ட ஏற்பாட்டை ஒரு நகரம் தானாக விரும்பி ஏற்றுக்கொள்ளுமா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: விரும்பித்தான் ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பு அந்நகரம் பட்ட பாடு அப்படி.

1880களின் நடுவிலிருந்து ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கு சின்சினாட்டியை ஆட்டிவைத்தவர் ஜார்ஜ் காக்ஸ் என்பவர். சாராயக்கடை நடத்தி, குடியரசுக் கட்சியின் வார்டு அரசியலில் நுழைந்து, சில காலம் மன்ற உறுப்பினராகவும் இருந்தார். மேயர் பதவியில் ஒருநாள்கூட அவர் அமர்ந்ததில்லை. ‘மெக்கா’ என்ற மதுக்கடையின் மாடியில் அவருக்கு ஓர் அறை இருந்தது. யாருக்கு நகராட்சியில் வேலை, எந்த வார்டில் யார் வேட்பாளர், யார் மேயர் என்பதெல்லாம் அந்த மாடிப்படி ஏறி இறங்கியே முடிவாயின. ஈஸ்ட் தயாரிப்பில் செல்வம் சேர்த்த ஃப்ளைஷ்மன் குடும்பத்தின் ஜூலியஸ், 1900இல் தம் 28ஆவது வயதில் மேயரானதும் அந்த அமைப்பின் தயவில்தான்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. பின்னாளில் குடியரசுத் தலைவரான வில்லியம் ஹோவர்டு டாஃப்ட் சின்சினாட்டிக்காரர், காக்ஸின் கட்சிக்காரரும்கூட. அவர் போர்த்துறைச் செயலராக இருந்த 1905இல், அக்ரன் நகரில் பேசும்போது, தாம் ஊரில் இருந்தால் காக்ஸின் அமைப்புக்கு எதிராகவே வாக்களிப்பேன் என்று சொல்லிவிட்டார். அந்தத் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் எட்வர்ட் டெம்ப்சி வென்றார், காக்ஸ் ஓய்வை அறிவித்தார், பிறகு சத்தமில்லாமல் திரும்பியும் வந்துவிட்டார். 1911இல் ஹென்றி ஹன்ட் என்ற இளம் அரசு வழக்கறிஞர் காக்ஸின் மீது பொய்ச்சாட்சிய வழக்குத் தொடுத்தார். வழக்கில் தண்டனை எதுவும் கிடைக்கவில்லை என்றாலும், அந்தப் பெயரே ஹன்ட்டை அதே ஆண்டில் மேயர் ஆக்கியது. இரண்டே ஆண்டுதான், 1913இல் அவர் தோற்றார்.

1916இல் காக்ஸ் இறந்தபோதும் அவர் கட்டிய கட்சி இயந்திரம் நிற்கவில்லை. அதைக் கையில் எடுத்த ரூட் ஹைனிக்கா கேளிக்கை அரங்கத் தொழிலில் இருந்தவர். பெரும்பாலும் நியூயார்க்கில் இருந்துகொண்டே சின்சினாட்டியின் ஆட்சியை நடத்தினார். ஓர் ஊரின் ஆட்சியை இன்னோர் ஊரில் உட்கார்ந்து நடத்தினால் தெருக்கள் என்ன கதிக்கு ஆளாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஓஹையோ மாநிலச் சட்டம் சொத்து வரிக்கு உச்சவரம்பு வைத்திருந்ததால் நகராட்சியின் வருவாயும் சுருங்கிக் கிடந்தது. அந்த நிலையில்தான் 1923இல் கூடுதல் வரிக்கு மக்களின் ஒப்புதல் கேட்டார்கள். முர்ரே சீசன்குட் என்ற வழக்கறிஞர் எழுந்து, கொடுத்த பணத்திற்கு ஒழுங்கான கணக்கு இல்லாத ஆட்சிக்கு மேலும் ஒரு காசும் தரக் கூடாது என்ற போக்கில் பேசினார். அந்தப் பேச்சு ஊரைப் பற்றிக்கொண்டது.

மறு ஆண்டு நவம்பரில் நகர ஆட்சியின் அடிப்படை விதிகளான சாசனத்தையே மாற்றும் திருத்தம் மக்கள் வாக்கெடுப்பில் இரண்டுக்கு ஒன்று என்பதற்கும் மேலான வாக்குகளில் நிறைவேறியது. அப்போதிருந்த மன்றத்தில் 32 உறுப்பினர்கள், அவர்களில் 31 பேர் குடியரசுக் கட்சியினர். அதைக் கலைத்து, வார்டுகளே இல்லாமல் நகரம் முழுவதற்குமாக ஒன்பது பேரை மட்டும் தேர்ந்தெடுப்பது என்று முடிவாயிற்று. வாக்குச்சீட்டிலிருந்து கட்சிப் பெயர்கள் நீக்கப்பட்டன. 1925 தேர்தலில், முதல் பதிலில் சொன்ன சார்ட்டர் கமிட்டியின் அணிக்கு ஆறு இடங்கள் கிடைத்தன. சீசன்குட் மேயரானார். இராணுவப் பொறியாளராக இருந்து தலைநகர் வாஷிங்டனின் பொதுக் கட்டடங்களையும் பூங்காக்களையும் நிர்வகித்துவந்த கிளாரன்ஸ் ஷெரில் முதல் நகர மேலாளராக வந்தார். காக்ஸ் மாதிரி ஒருவர் மறுபடி முளைத்து மேயரைக் கைக்குள் போட்டுக்கொண்டாலும் அவருக்கு எதுவும் கிடைக்கக் கூடாது என்பதே அந்தச் சாசனத்தை எழுதியவர்களின் கணக்கு என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: அந்தச் சாசனத்தில் விருப்ப வரிசைப்படி வாக்களிக்கும் முறை இருந்ததாகவும், பிறகு அதைக் கைவிட்டதாகவும் அறிகிறேன். நல்ல முறையை ஏன் விட்டார்கள்? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: முதலில் அந்த முறை எப்படி நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் மாநிலங்களவைத் தேர்தலில் சட்டமன்ற உறுப்பினர்கள் பயன்படுத்தும் ஒற்றை மாற்று வாக்கு முறைதான் அது. வாக்காளர் தமக்குப் பிடித்தவருக்கு எதிரே 1 என்றும், அடுத்தவருக்கு 2 என்றும் எழுதிக்கொண்டே போகலாம். செல்லத்தக்க வாக்குகள் 1,00,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது இடங்களோடு ஒன்றைக் கூட்டிப் பத்தால் வகுத்து, விடையோடு ஒன்றைச் சேர்த்தால் 10,001 வரும். அதைத் தொட்டவர் வென்றவர். அதற்கு மேல் வந்த உபரிச் சீட்டுகளைச் சீரான இடைவெளியில் உருவியெடுத்து, அவற்றில் அடுத்த விருப்பமாகக் குறிக்கப்பட்டவரின் கட்டில் சேர்ப்பார்கள். பிறகு கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளையும் அதேபோலப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒன்பது இடங்கள் நிரம்பும்வரை, எல்லாம் கையாலேயே, நாட்கணக்கில் நடக்கும் வேலை இது.

இதன் விளைவு எளிது. ஊரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானோர் ஒருவர் பின்னால் உறுதியாக நின்றால், மற்ற எல்லோரும் சேர்ந்து எதிர்த்தாலும் அவரை மன்றத்திற்கு வெளியே நிறுத்த முடியாது. கறுப்பின மக்களுக்கு அது திறந்த கதவாக அமைந்தது. 1931இல் ஃபிராங்க் ஹால் அந்நகர மன்றத்தின் முதல் கறுப்பின உறுப்பினரானார்.

1949இல் தியடோர் பெர்ரி என்ற கறுப்பின வழக்கறிஞர் சார்ட்டர் அணியின் சார்பில் வென்றார். 1955இல் அந்த அணி பெரும்பான்மை பெற்றபோது, குடியரசுத் தலைவர் டாஃப்டின் இளைய மகன் சார்லஸ் டாஃப்ட் மேயராகவும் பெர்ரி துணை மேயராகவும் ஆனார்கள். துணை மேயர் அடுத்த மேயராவார் என்ற எதிர்பார்ப்பு இயல்பானது. அந்த எதிர்பார்ப்பே வினையாக முடிந்தது.

குடியரசுக் கட்சி இந்த வாக்கு முறையை ஒழிக்க 1936, 1939, 1947, 1954 ஆகிய ஆண்டுகளில் நான்கு முறை வாக்கெடுப்பு நடக்கச் செய்து நான்கு முறையும் தோற்றிருந்தது. 1957இல் ஐந்தாம் முறை வென்றது. மேடையில் பேசப்பட்டது வாக்கு முறையின் சிக்கலைப் பற்றி. வீட்டு வாசல்களில் கேட்கப்பட்டது, கறுப்பினத்தவர் ஒருவர் மேயராவதற்குச் சம்மதமா என்பது. ஆகவே நல்ல முறையை விட்டதற்குக் காரணம் என்ன என்ற உங்கள் கேள்விக்கு என் பதில், அந்த முறை தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது என்பதே. எண்ணிக்கை நீண்டுகொண்டே போவதைப் பற்றிய குறை முப்பது ஆண்டுகளாக இருந்துவந்தது. அதற்காக மட்டும் அதை யாராலும் ஒழிக்க முடியவில்லை.

புதிய முறையில் ஒவ்வொரு வாக்காளருக்கும் ஒன்பது வாக்குகள், அதிக வாக்குகள் பெற்ற ஒன்பது பேர் வெற்றி. இதில் எண்ணிக்கையில் பெரிய கூட்டம் ஒன்று சேர்ந்தால் எல்லா இடங்களையும் அள்ளிவிடலாம். அந்த ஆண்டின் தேர்தலிலேயே பெர்ரி தோற்றார். பின்னர் மன்றத்திற்குத் திரும்பி, இடையில் குடியரசுத் தலைவர் ஜான்சனின் வறுமை ஒழிப்புத் திட்டத்தில் வாஷிங்டனில் பணியாற்றி, 1972இல்தான் நகரின் முதல் கறுப்பின மேயரானார். துணை மேயர் நாற்காலியிலிருந்து மேயர் நாற்காலிக்குப் போக அவருக்குப் பதினேழு ஆண்டுகள் ஆயின. பழைய முறையைத் திரும்பக் கொண்டுவர 1988இலும் 1991இலும் வாக்கெடுப்புகள் நடந்தன, இரண்டும் தோற்றன. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரம் 1941 முதல் இன்றுவரை அந்த முறையைக் கைவிடாமல் வைத்திருக்கிறது.

கேள்வி: சின்சினாட்டியில் ரயிலே ஓடாத சுரங்க ரயில் பாதை இருக்கிறதாமே? அதற்கும் இந்த அரசியலுக்கும் தொடர்பு உண்டா? (வாசகர், சேலம்)

பதில்: ஓரளவு உண்டு. 1916இல் மக்கள் 60 லட்சம் டாலர் கடன் பத்திரங்களுக்கு ஒப்புதல் தந்தார்கள். உலகப் போர் குறுக்கிட்டதால் 1920இல்தான் வேலை தொடங்கியது. அதற்குள் விலைவாசி ஏறிவிட்டது. பழைய கால்வாய் ஒன்றின் தடத்தில் ஏறத்தாழ இரண்டு மைல் சுரங்கம் முடிந்த நிலையில் பணம் தீர்ந்தது. காக்ஸ் கட்டிய பழைய கட்சி இயந்திரத்தின் ஆட்சியில் தொடங்கிய வேலை என்பதால் சீசன்குட்டின் அணிக்கு அதில் அக்கறை பிறக்கவில்லை. மேலே அகன்ற சாலை போட்டார்கள். சுரங்கத்தின் வழியே பின்னர் குடிநீர்க் குழாய் போனது.

கேள்வி: இப்போதைய மேயர் இந்திய வம்சாவளியினர் என்கிறார்கள். அவரையும் மன்றம்தான் தேர்ந்தெடுத்ததா? (வாசகி, சென்னை)

பதில்: இல்லை, மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். மன்றத்தின் பேரங்களில் மேயர் முடிவாவது பிடிக்காமல், 1987 முதல் மன்றத் தேர்தலில் அதிக வாக்குகள் பெற்றவரே மேயர் என்று ஆக்கினார்கள். அது மேயரின் பலத்தைக் கூட்டவில்லை. ஆகவே 1999இல் மீண்டும் சாசனத் திருத்தம் வந்து, 2001 முதல் மேயருக்குத் தனித் தேர்தல் நடக்கிறது. அந்த முதல் தேர்தலில் சார்லி லூக்கன் வென்றார். முதல் பதிலில் சொன்ன ஜேம்ஸ் லூக்கனின் குடும்பத்தவர் இவர். இப்போது மேயருக்கு மன்றத்தில் வாக்கு இல்லை. ஆனால் மன்றத்தின் தீர்மானத்தை அவர் தடுக்கலாம். அந்தத் தடையை மீற ஒன்பதில் ஆறு பேர் வேண்டும். குழுத் தலைவர்களை அவர் நியமிக்கிறார், நகர மேலாளரின் பெயரை அவரே முன்மொழிகிறார். மேலாளர் பதவி அப்படியேதான் இருக்கிறது, அவர் யார் முகத்தைப் பார்த்து வேலை செய்கிறார் என்பதுதான் மாறியிருக்கிறது.

2022 ஜனவரி முதல் மேயராக இருக்கும் அஃப்தாப் புரேவாலின் தந்தை பஞ்சாபி. தாய் சிறுவயதில் திபெத்திலிருந்து தப்பி வந்து இந்தியாவில் அகதியாக வளர்ந்தவர். ஆசிய வம்சாவளியில் அந்நகருக்குக் கிடைத்த முதல் மேயரான அவர், 2025 நவம்பரில் இரண்டாம் முறையும் வென்றார்.

மன்றத்தை மட்டும் இன்றும் 1957இல் வந்த அந்த ஒன்பது வாக்கு முறையில்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இல்லாவிட்டாலும், எந்தக் கட்சி யாரை ஆதரிக்கிறது என்பது ஊருக்கே தெரியும். 1924இல் 32 பேரில் 31 பேர் குடியரசுக் கட்சியினர் என்று மேலே சொன்னேன். 2023 தேர்தலில் ஒன்பது இடங்களையும் ஜனநாயகக் கட்சியே பிடித்தது.